காலை ஐந்தரைக்குப் பிறந்தவர்கள்

இந்தத் தொழிலுக்கு வந்து பதினேழு வருடம் ஆன பிறகு, ஒரு டிசம்பர் மாதத்தில், கல்வராயன் மலையைச் சேர்ந்த நானூற்றுச் சொச்சம் முதியவர்களை நான் ஒரே நேரத்தில் பிறக்க வைத்தேன். 1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை மணி. அதில் ஆண்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள், கணவன் மனைவி இருந்தார்கள், ஒரு மாமியாரும் அவருடைய மருமகளும் இருந்தார்கள். யாருக்கும் ஒரு நொடி முன்னே பின்னே இல்லை.

என் பெயர் பர்வீன். கள்ளக்குறிச்சியில் பஷீர் பாய் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராமராக இருக்கிறேன். கம்பெனி என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஐந்து கம்ப்யூட்டர், மூன்று ஆட்கள், ஒரு இன்வர்ட்டர். பள்ளிக்கூடத்துக்கு மார்க் ஷீட், அரிசி மண்டிக்கு ஸ்டாக், கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்போம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தப்பையே மறுபடியும் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், வேறு தப்பு செய்யலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. சைபரில் பிறந்தவர்கள்

ஒரு தொண்டு நிறுவனம் மலையில் முதியோர் அட்டை ஒன்று கொடுக்க முடிவு செய்தது. அறுபது வயது முடிந்தவர்களுக்கு மருத்துவ முகாம், கண் ஆபரேஷன் எல்லாம் அந்த அட்டையை வைத்து நடக்கும். பெயர்களைப் பதிவு செய்யவும் வயதைக் கணக்கிடவும் அட்டை அடிக்கவும் எங்களிடம் சாஃப்ட்வேர் கேட்டார்கள். அவர்களுக்கு இந்த மாவட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் குணசேகரன் என்பவர். எதையும் ரிப்போர்ட்டாகப் பார்த்தால்தான் நம்புவார். மழை பெய்கிறது என்றாலும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். 1970 ஜனவரி முதல் தேதி, கிரீன்விச் கணக்குப்படி நள்ளிரவை சைபர் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போகும். அதற்கு முந்தைய தேதிகள் மைனஸில் போகும். நாம் திரையில் பார்க்கும் தேதி, அந்த எண்ணைத் திருப்பி எழுதிக் காட்டுவதுதான். கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை மணி.

நான் எழுதிய புரோகிராம் பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எதிர்பார்த்தது. புரியவில்லை என்றால் "இல்லை" என்று பதில் சொல்லும். அந்த "இல்லை"யை எண்ணாகச் சேமித்தால் அது சைபர் ஆகிவிடும். அதை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. சோதனை செய்யும்போது என் அத்தாவின் பிறந்த தேதியைப் போட்டேன், பஷீர் பாயின் மாமியார் தேதியைப் போட்டேன், கீழே டீக்கடை மாஸ்டரிடம் கேட்டுப் போட்டேன். எல்லாம் சரியாக வந்தது. மூன்று பேரும் டவுன்காரர்கள், மூன்று பேருக்கும் முழுத் தேதி இருந்தது.

மலையில் பெரியவர்களின் அடையாள அட்டையில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். 1948 என்று இருக்கும், அவ்வளவுதான். அதையும் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியிருப்பார். பதிவு செய்யப் போனவர்கள் 1948 என்று அடித்தார்கள். என் புரோகிராமுக்குப் புரியவில்லை. சைபர் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

ரிப்போர்ட் போன மறுநாள் குணசேகரன் சார் போன் செய்தார்.

"மேடம், ரிப்போர்ட்ல ஒரு ஆச்சரியமான விஷயம் கவனிச்சீங்களா?"

"இன்னா சார்?"

"மலையில நானூறு பேருக்கு மேல ஒரே நாள்ல பொறந்திருக்காங்க. ஜனவரி ஒண்ணு."

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சென்னை ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். எல்லாருக்கும் சேர்த்து கூட்டுப் பிறந்தநாள் விழா வெச்சிடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"சார், அது பிழை சார்."

"எது பிழை? நீங்க குடுத்த சாஃப்ட்வேர் பிழையா?"

எதிர் மேஜையில் பஷீர் பாய் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். சாஃப்ட்வேரை ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை, அது வந்தால்தான் பணம். நான் "இல்ல சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பதினேழு வருட அனுபவம் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

2. கூட்டுப் பிறந்தநாள்

விழா ஜனவரி முதல் தேதி வெள்ளிமலையில் நடந்தது. நானும் போக வேண்டும் என்று குணசேகரன் சார் சொல்லிவிட்டார். வடக்கனந்தல், கச்சிராயபாளையம் வழியாக ஜீப்பில் ஏறினோம். கேக் என் மடியில் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மேலே எழுதியிருந்த கிரீம் ஒரு பக்கமாக ஒதுங்கி, போய்ச் சேரும்போது "ஒரே நாளில் உதித்த மூத்தோர்" என்பதில் "உதித்த" மட்டும் மிஞ்சியிருந்தது.

பந்தல் நிறைய ஆட்கள். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, இந்த அதிசயத்துக்கு மலையின் தட்பவெப்பமும் சாமை, தினை உணவும் காரணமாக இருக்கலாம், ஆராய வேண்டும் என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சாமையைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறார் என்பது வரை அவர்களுக்குப் புரிந்தது.

கேக்கை வெட்டும் நேரத்தில், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பக்கத்தில் அவருடைய மகன் கையைப் பிடித்திருந்தார். மெலிந்த உடம்பு, தலையில் துண்டு, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"இந்த கம்ப்யூட்டர் வேல பாக்கற அம்மா வந்திருக்குதாங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். அவருக்குக் கண் தெரியாது என்று உறைத்ததும் "இங்க இருக்கேங்க ஐயா" என்றேன்.

"எம் பேரு சின்னப்பையன். எனக்கு ரெண்டு கண்ணும் மங்கிப்போச்சும்மா. இன்னிக்குக் காத்தால கண்ணாஸ்பத்திரி கேம்புக்குப் பேரு குடுக்கப் போனேன். உனக்கு அம்பத்து மூணுதான் ஆவுது, அறுபது ஆனப்புறம் வான்னு அனுப்பிட்டாங்க. ஒண்ணு கேக்கறேன். ஜாகிர் ஒழிஞ்ச வருசம் எம் பெரிய பையன் மாடு மேய்ச்சிக்கினு இருந்தான். அப்ப எனக்கு இன்னா வயசு?"

மலை வெகுகாலம் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் அது முழுக்க அரசாங்கத்திடம் வந்தது. அங்கே பெரியவர்கள் எல்லாக் கணக்கையும் அந்த வருடத்திலிருந்துதான் போடுவார்கள். என் கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்த வருடம் சின்னப்பையனுக்கு ஆறு வயது.

மகன் வெள்ளையன் சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடச் சான்றிதழ் நகலை எடுத்து நீட்டினார். பிறந்தது 1968. "எங்க அப்பாவுக்கு என்னவிட ரெண்டு வயசு கம்மிங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். பந்தல் முழுக்கச் சிரித்தது.

குணசேகரன் சார் நிலைமையைச் சமாளிக்க முன்னால் வந்தார். "ஐயா, கவலப்படாதீங்க. இன்னும் ஏழே வருஷம். அறுபது முடிஞ்ச அன்னிக்கு முதல் ஆளா உங்களுக்குத்தான் ஆபரேஷன். இது என் பொறுப்பு."

வெள்ளையன் இன்னொரு சீட்டையும் காட்டினார். முகாமுக்கு வந்த டாக்டர் எழுதியது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இந்த மாதமே எடுக்க வேண்டும், அடுத்த முகாம் வரை தள்ளினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நிரந்தரமாகப் போய்விடும் என்று இருந்தது. ஆபரேஷனுக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் பஸ் மாதக் கடைசியில். அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்து.

அதுவரை எனக்கு இது ஒரு வெட்கக்கேடான பிழை மட்டும்தான். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு கையில் கொடுத்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன்.

"ஐயா, தப்பு என்னோடதுங்க. உங்க வயசத் தப்பா எழுதினது நான்தான். ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்."

"தப்பா எழுதிட்ட, அவ்ளோதான? அடிச்சிட்டு எழுதும்மா" என்றார் சின்னப்பையன்.

அது ஒன்றுக்குத்தான் என் புரோகிராமில் இடமில்லை.

3. சொட்டு மருந்து

அவசரத்தில் எழுதுவதெல்லாம் அழகாகத்தான் தெரியும். நான் எழுதும் மொழியில் ஒரு வசதி உண்டு. தேதியை எந்த வடிவில் கொடுத்தாலும் தானாகப் புரிந்துகொள்ளும் என்று அதன் கையேட்டில் பெருமையாகப் போட்டிருக்கும். பழைய வரியை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். 1962 என்று கொடுத்துப் பார்த்தேன். 1962 என்றே எடுத்துக்கொண்டது. 1965 கொடுத்தேன், சரி. திருப்தியாக ஏற்றிவிட்டு, பதிவில் அடித்திருந்ததை வைத்து எல்லாருடைய வயதையும் மறுபடி கணக்கிட வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

பத்து மணிக்கு வெள்ளையன் போன் செய்தார்.

"அம்மா, எங்க அப்பாவத் தூக்கிகினு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்குதுங்க."

"எங்க தூக்கிட்டு வரணும்?"

"சொட்டு மருந்து போடறதுக்குங்க."

அந்தத் தொண்டு நிறுவனத்துக்குத் தாய் சேய் திட்டமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சாஃப்ட்வேர். ஒரு வயதுக்குக் கீழே யார் இருந்தாலும் வீட்டு நம்பருக்குத் தானாக மெசேஜ் போகும். "அன்பான பெற்றோரே, உங்கள் குழந்தை சின்னப்பையன்" என்று ஆரம்பித்திருந்தது. பெயரும் அப்படி அமைந்துவிட்டதால் படிக்க இயல்பாகவே இருந்தது.

ஓடிப் போய்த் திரையைப் பார்த்தேன். சின்னப்பையன், பிறந்த தேதி இன்று, நேரம் இரவு 7:48. அப்போது காலை பத்து மணி. கம்ப்யூட்டர் கணக்குப்படி அவர் இன்னும் பிறக்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. நான்கு இலக்கத்தைக் கண்டால் அந்தப் புத்திசாலி வசதி முதலில் அதைக் கடிகார நேரம் என்று நினைக்கும். 1948 என்றால் பத்தொன்பது மணி நாற்பத்தெட்டு நிமிடம், அதாவது இன்று இரவு 7:48. 1952 என்றால் 7:52. 1960-லிருந்து மட்டும் வருடம் என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் நிமிடத்தில் அறுபது கிடையாது. நான் சோதித்தது 1962-ம் 1965-ம். 1960-க்கு முன்னால் பிறந்த கிழவன் கிழவி அத்தனை பேரையும் மறுபடியும் கைக்குழந்தை ஆக்கியிருந்தேன். மலை முழுக்க மெசேஜ் போயிருந்தது.

பஷீர் பாய் என் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பர்வீனு, நீ ஒண்ணு அவங்கள எல்லாம் ஒரே நாள்ல பொறக்க வெக்கிற, இல்லாங்காட்டி பொறக்கவே விட மாட்டேங்கிற. நடுவுல ஒண்ணும் கெடையாதா?"

"இருக்கு பாய். ஒழுங்கா எழுதணும்."

"அத மொத நாளே எழுதியிருந்தா இன்னா?"

அவர் கேட்டது நியாயம்.

வெள்ளையனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவால்லீங்க, பக்கத்து வூட்டு மாமனுக்கும் வந்திருக்குது. அவரு போலாமான்னு கேட்டுக்கினு இருக்கறாரு" என்றார்.

4. காலி இடத்துக்கு ஒரு பெயர்

இந்த முறை உட்கார்ந்து யோசித்தேன். பிறந்த தேதி ஒரு நொடி இல்லை. சின்னப்பையன் பிறந்த நொடியை யாரும் எண்ணி வைக்கவில்லை. அதை நொடிக் கணக்கில் சேமிக்கப் போனதே முதல் தப்பு. வருடத்துக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம் என்று மூன்றாகப் பிரித்தேன். தெரிந்ததை எழுதலாம், தெரியாததைக் காலியாக விடலாம். காலி வேறு, சைபர் வேறு. வருடம் மட்டும் இருந்தால் அதை வைத்து வயது கணக்கிடும். சின்னப்பையனுக்கு எழுபத்தைந்து வந்தது. பழைய பதிவுத் தாள்களை எடுத்து நானூற்றுச் சொச்சம் பேரையும் ஒவ்வொருவராகச் சரிபார்க்க ஒன்பது நாள் ஆயிற்று.

ரிப்போர்ட்டை அனுப்பினேன். குணசேகரன் சார் உடனே கூப்பிட்டார்.

"மேடம், நாள், மாசம் ரெண்டும் காலியா இருக்கு. சென்னையில ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

"அது அவங்களுக்குத் தெரியாது சார்."

"தெரியலன்னா கேட்டு எழுதுங்க."

"அவங்களுக்கே தெரியாது சார்."

"அவங்க வீட்டுப் பெரியவங்களக் கேளுங்க."

"சார், வீட்டுப் பெரியவங்களே அவங்கதான்."

குணசேகரன் சார் குரலைத் தணித்துக்கொண்டு, "ஜனவரி ஒண்ணுன்னே இருந்துட்டுப் போகட்டுமே மேடம். விழா நடத்தியாச்சு, போட்டோ எல்லாம் போயிடுச்சு. அடுத்த வருஷத்துக்கும் பிளான்ல போட்டிருக்கோம்" என்றார்.

பட்டியலில் அவர் கையெழுத்து இல்லாமல் கண் மருத்துவமனை யாரையும் எடுக்காது. பஸ்ஸுக்கு மூன்று நாள் இருந்தது. எனக்குக் குரல் உயர்ந்துவிடும் போலிருந்தது. பஷீர் பாய் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், அது காலி இல்ல சார். புது முறை. 'ஆண்டு நிலைத் துல்லியம்'னு பேரு."

"அப்படீன்னா?"

"தேதியில மூணு நிலை சார். நாள் நிலை, மாச நிலை, ஆண்டு நிலை. இவங்க எல்லாம் ஆண்டு நிலையில வர்றாங்க."

"இது எல்லா இடத்துலயும் வந்துடுச்சா?"

"இப்பதான் வருது சார். நம்ம மாவட்டத்துல நீங்கதான் மொத ஆளு."

"அப்ப அத ஹெட்டிங்ல தடிச்ச எழுத்துல போட்டு அனுப்புங்க."

தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினேன். கீழே அதே காலிக் கட்டங்கள்தான் இருந்தன. பத்து நிமிடத்தில் கையெழுத்தாகி வந்தது. அலுவலகங்களில் வெற்றிடத்தைப் பார்த்தால்தான் பயம், அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் திட்டம் ஆகிவிடும். பஷீர் பாய்க்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் கம்பெனியின் மிகச் சிறந்த புரோகிராம் அவர் போனில் பேசியதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

5. வெள்ளைக்காரன் காலத்தில் காலாவதி

மாதக் கடைசியில் பஸ் மலையிலிருந்து முப்பது பேரை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி கண் மருத்துவமனைக்கு வந்தது. இவ்வளவு நடந்த பிறகு நேரில் போய் நிற்காமல் இருக்க முடியவில்லை. லேப்டாப்போடு போனேன். எல்லார் கையிலும் புது அட்டை. வயது சரி, பெயர் சரி.

பதிவு மேஜையில் இருந்த பெண், நாங்கள் கொடுத்திருந்த சின்னக் கருவியை வைத்து அட்டையை ஸ்கேன் செய்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொன்று. சிவப்பு. ஐந்து அட்டை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, எல்லா அட்டையும் எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னு காட்டுது."

"முந்தாநாள் அடிச்ச அட்டைம்மா. எப்ப எக்ஸ்பயர் ஆச்சாம்?"

"1906-ன்னு போட்டிருக்குது."

வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னப்பையன், "அது எங்க பாட்டன் அட்டையா இருக்கும், நல்லாப் பாரு" என்றார்.

அட்டைக்கு இருபது வருட ஆயுள் வைத்திருந்தேன். முடியும் தேதி 2043. அட்டை அடிக்கும் புரோகிராம் புதியது, அதற்குப் பிரச்சினை இல்லை. அட்டையைப் படிக்கும் கருவி பழையது. நொடிகளை எண்ணி வைக்க அதற்குள் இருக்கும் பெட்டி சிறியது, முப்பத்திரண்டு பிட். 2038 ஜனவரி பத்தொன்பது, நம் நேரப்படி காலை எட்டு நாற்பத்து நான்கு வரைதான் அதில் இடம். அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் எண் மைனஸுக்குத் திரும்பி, 1901 டிசம்பரில் போய் நிற்கும். அங்கிருந்து மறுபடி எண்ணும். 2038-ஐத் தாண்டி ஐந்து வருடம் என்றால், 1901-க்குப் பிறகு ஐந்து வருடம். ஆக 1906. இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். 2038 எங்கோ தூரத்தில் இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன். இருபது வருடச் செல்லுபடி போட்ட அன்றே அது வந்துவிடும் என்று தோன்றவில்லை.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் மதியம் இரண்டு மணி வரைதான் இருப்பார். மணி ஒன்பதரை.

"கைல எழுதிச் சேத்துக்க முடியாதாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பச்ச விளக்கு எரிஞ்சாத்தான் அக்கா உள்ள நம்பர் விழும். நான் இன்னா பண்ணட்டும்?"

அவளும்தான் என்ன செய்வாள். கருவியில் பச்சை விளக்கு எரியாமல் எதுவும் நடக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர்கள் மருத்துவமனைக்காரர்கள். எழுதிக் கொடுத்தவள் நான்.

கருவியின் புரோகிராமை அங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது அட்டையை மட்டும்தான். எல்லா அட்டைக்கும் முடியும் தேதியை 2037 டிசம்பர் முப்பத்தொன்று என்று குறைத்தேன். அந்தத் தேதியோடு புது பார்கோடுகளை எதிர்க்கடையில் ஸ்டிக்கர் தாளில் பிரிண்ட் எடுத்து, கத்தரியால் வெட்டி, வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக ஒட்டினேன். வெள்ளையன் பெயரைப் படித்து அட்டையை நீட்டினார். பட்டியலில் இருபத்தெட்டாவது பெயர் சின்னப்பையன். மணி பதினொன்றே முக்காலுக்குக் கடைசி அட்டைக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பச்சையைப் போல ஒரு நிறத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சின்னப்பையனை உள்ளே கூப்பிட்டபோது ஒன்றேகால். துண்டை மகன் கையில் கொடுத்துவிட்டு நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். கதவு மூடிய பிறகு வெள்ளையன், "பண்ணிடுவாங்க இல்லீங்க?" என்றார். அரை மணி நேரத்தில் சின்னப்பையன் வலது கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். "முடிஞ்சிதுப்பா, இன்னா பசி பசிக்குது" என்றார்.

மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்கும்போது போயிருந்தேன். நர்ஸ் மெதுவாகப் பஞ்சை எடுத்தாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு மகனைக் கொஞ்ச நேரம் பார்த்து, "தல நரச்சிப்போச்சேடா உனக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது யாரு?"

"நான்தாங்க ஐயா. கம்ப்யூட்டர்."

"நீயா? கொரல வெச்சு உனக்கு அறுபதுக்கு மேல இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா வயசு?"

"நாப்பத்தொண்ணுங்க."

"ஆளப் பாக்காம வயசச் சொன்னா இப்பிடித்தான்" என்றார் சின்னப்பையன். நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது என்னைப் பற்றித்தான்.

இந்தத் தொழிலில் நான் கற்றது அதுதான். ஆளைப் பார்க்காமல் கட்டம் போடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மூன்று பேரின் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகாதீர்கள். தேதி தெரியாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் "தெரியாது" என்று சொன்னால் அதை அப்படியே எழுதிவைக்க ஓர் இடம் விடுங்கள். அங்கே சைபரைப் போட்டு நிரப்பினால், கம்ப்யூட்டர் அதை உண்மை என்று நம்பும். கம்ப்யூட்டர் நம்பினால் ஆபீஸ் நம்பும். ஆபீஸ் கேக் வாங்கிவிடும்.

எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய விஷயத்தைச் சொன்னபோது பஷீர் பாய், "2037 வரைக்கும் போதும் பர்வீனு, அதுக்கு மேல இவங்கள்ல யாரு இருக்கப் போறாங்க" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அடுத்த வாரம் மருந்து வாங்க வந்த சின்னப்பையன் எங்கள் ஆபீஸ் மாடிப்படியை ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஏறி வந்தார். அட்டையை மேஜையில் வைத்தார். அதில் எழுதியிருந்ததை மகன் படித்துக் காட்டியிருக்கிறார்.

"2037 வரைக்கும்னு போட்டிருக்கியாமே. அதுக்குள்ள நான் செத்துப்புடணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் கேட்டார், அவ்வளவுதான். பஷீர் பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அந்த மாதமே கருவிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, பெட்டியைப் பெரிதாக்கி எழுதிக் கொடுத்து, அட்டைகளின் தேதியையும் 2043-க்கே திருப்பினேன். இன்னும் பல கோடி வருடத்துக்கு அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது. 2038-இல் சின்னப்பையனுக்குத் தொண்ணூறு வயது ஆகும். அட்டையை எடுத்துக்கொண்டு வருவார் என்று வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.